ஒன்பதாம் பேனா

ஜனவரி 9

அண்ணனுக்கு,

உங்கள் முகவரியைச் சித்தியிடம் வாங்கினேன். கொடுக்கத் தயங்கினாள். "சண்டை போடவா கேக்குற?" என்றாள். "இல்ல சித்தி, வேலை விஷயம்" என்றேன். பொய் இல்லை. நலம் விசாரிக்க எழுதவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கேட்காத நலத்தை இன்றைக்குக் கேட்டால் நம் இருவருக்குமே சிரிப்பு வரும்.

விஷயம் இது. நாம் வேலை பார்த்த குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில், நீங்கள் எழுதிய புரோகிராமில் வரைந்த நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்பது இன்னமும் அவற்றில்தான் இருக்கிறது. அந்தப் புரோகிராம் ஓடுகிற கம்ப்யூட்டர்தான் இல்லை. கடைசியாக இருந்த ஒன்று போன வருடம் புகைந்துவிட்டதாம். எல்லாவற்றையும் புதிய வடிவத்துக்கு மாற்றித் தர வெளியே ஆள் தேடினார்கள். நான் வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது இங்கே இருப்பவர்களில் ஒருவருக்கும் நான் யாரென்று தெரியாது. என் பழைய மேசை இருந்த இடத்தில் தண்ணீர் கேன் வைத்திருக்கிறார்கள்.

கோப்பைத் திறந்தால் வெறும் எண்கள். படம் கிடையாது, படத்தை எப்படி வரைவது என்ற கட்டளைகள் மட்டும். 11 என்று வந்தால் பின்னால் நான்கு எண்கள் வருகின்றன. அது கோடு என்று ஊகித்துவிட்டேன். 21 எழுத்து. 31 பேனா மாற்று. மற்றவை தெரியவில்லை. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பெயர் வைத்து நீங்கள் ஒரு மாறிலிப் பட்டியல் வைத்திருந்தீர்கள், ஒரே ஒரு பக்கம். அது இங்கே எந்த அலமாரியிலும் இல்லை. எனக்குத் தெரியாத எண்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். முக்கியமாக இரண்டு: 61 என்பது என்ன, பேனா எண் 9 என்பது என்ன.

ஏன் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. குழாய்க்குக் குழி தோண்டும்போது என் வீட்டுக்காரர் மின்சாரம் தாக்கி இறந்த தெருவின் வரைபடமும் இந்தக் குவியலில் இருக்கிறது. 2207ஆம் கோப்பு. விசாரணையில் அதைத் திரையில் போட்டுக் காட்டினார்கள், மின்கேபிள் கோடு அதில் இருந்தது, உங்களைக் கூப்பிட்டு "கோடு வரைபடத்துல இருக்கா?" என்று கேட்டார்கள், நீங்கள் "இருக்கு" என்றீர்கள். ஒரே வார்த்தை. எனக்கு அப்போது மகள் பிறந்து இரண்டு நாள், ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கோடு இருந்தும் பார்க்காமல் தோண்டினார் என்று முடிவு கட்டி, 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மகள் வளர்ந்து, அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டபோது நான் அந்தக் காகிதத்தைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

ஆனால் அவரோடு குழியில் நின்ற டிரைவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "தாள்ல ஒண்ணுமே இல்லக்கா, நானுந்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். குழிக்குக் கொண்டுபோன அச்சுத் தாள் சேற்றோடு போய்விட்டது. டிரைவர் பேச்சை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு யாரோ அந்தக் கோட்டைச் சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். எப்போது சேர்த்தார்கள் என்ற தேதி கோப்பில் எங்கோ இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் "இருக்கு" என்று சொன்னது யாரைக் காப்பாற்ற என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போதைக்குப் பட்டியல் போதும்.

தங்கை

*

ஜனவரி 20

தங்கச்சிக்கு,

என்னம்மா திடீரென்று நீங்கள், உங்கள்? ஏதோ அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது என்று கடைசிப் பக்கத்தில் முத்திரையைத் தேடினேன். என்னைத் திட்டுவதற்கு 'நீ'தான் வசதி. சின்ன வயசிலிருந்து அப்படித்தானே திட்டினாய்.

நான் இப்போது சலவைக் கடை வைத்திருக்கிறேன். சித்தி சொல்லியிருப்பாள். நாலு மெஷின், ஒரு இஸ்திரி மேசை. இங்கேயும் எண்தான் பிழைப்பு. வருகிற ஒவ்வொரு துணியிலும் ஓர் எண்ணைக் குத்துகிறேன். எண் கழன்று விழுந்தால் அது யார் சட்டை என்று ஆண்டவனுக்கே தெரியாது. போன வாரம் ஒரு டீக்கடை மாஸ்டர் வந்து, "இது என் பேண்ட் இல்லய்யா, இதுல ரெண்டு பேர் நுழையலாம்" என்று கடையிலேயே சண்டை.

பட்டியல் காகிதம் என்னிடம் இல்லை. வேலையை விட்டு வந்தபோது ஒன்றையும் எடுத்து வரவில்லை. தலையில் இருப்பதைச் சொல்கிறேன். 11 கோடு, நீ சொன்னது சரி. 12 வட்டம். 13 வட்டத்தின் ஒரு துண்டு, வில் மாதிரி. 14 என்று கட்டளை கிடையாது, எழுத ஆரம்பித்துப் பிடிக்காமல் விட்டேன். 21 எழுத்து, 22 எழுத்தின் சாய்வு. 31 பேனா மாற்று, பின்னால் வருவது பேனா எண். 41 முதல் 44 வரை குழாயின் வகை. ஒரு மில்லிமீட்டருக்கு நாற்பது நகர்வு, தாளில் வரையும் கருவியின் கை ஒரு தடவை அசையும் தூரம்தான் ஒரு நகர்வு. தொடங்கும் இடம் தாளின் இடது கீழ் மூலை. இன்றைக்கு எல்லோரும் மேல் மூலையிலிருந்து தொடங்குகிறார்களாம். அப்படியே எடுத்தால் ஊர் தலைகீழாக வரும், பார்த்துக்கொள்.

61 ஒன்றுமில்லை. புரோகிராம் தனக்குத்தானே கிறுக்கிக்கொள்ளும் குப்பை. பேனா 9ஐயும் விடு. அச்சில் அதற்கு வேலை இல்லை.

2207ஐத் தொடாமல் இருக்க முடியாதா உன்னால்? நாலாயிரத்தில் ஒன்று குறைந்தால் எந்தக் குடி முழுகிவிடப் போகிறது. உன்னோடு சண்டைக்கு வரவில்லை. மாப்பிள்ளை போனது போனதுதான். என் மருமகளுக்கு இப்போது இருபத்திரண்டு முடியப் போகிறது, இல்லையா? உயரமா? யார் ஜாடை?

அண்ணன்

*

பிப்ரவரி 1

அண்ணனுக்கு,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். கொஞ்சம் மையாவது மிச்சமாகும்.

உன் பட்டியல் வேலை செய்கிறது. ஒன்றைத் தவிர. 12க்குப் பின்னால் வரும் மூன்றாவது எண்ணை வட்டத்தின் ஆரம் என்று எடுத்துக்கொண்டேன், உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். நீ விட்டத்தை வைத்திருக்கிறாய். அச்சடித்துப் பார்த்தால் ஒரு தெருவிலிருந்த பதினேழு வால்வுக் குழி மூடிகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பக்கத்து மேசைக்காரர், "என்ன மேடம், ஊரையே கிணறா வெட்டிட்டீங்க?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் நானும் சிரித்தேன்.

பேனா 9. எட்டுப் பேனா வரை எனக்குத் தெரியும். தினமும் காலையில் அந்தக் கருவியில் பேனா மாட்டியது நான்தானே. எட்டுத் துளைதான் அதற்கு. ஆனால் கோப்புகளில் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் 31க்குப் பின்னால் 9 வருகிறது. நீ விடச் சொன்னாய். விட்டுவிட்டேன். 9 வந்தால் அதில் வரைந்த எதையும் எடுத்துக்கொள்ளாமல் தாண்டிப் போகும்படி எழுதிவிட்டேன். மார்ச் கடைசியில் புதிய தாள்களை அச்சடித்துத் தெருவில் தோண்டுகிற அணிகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். அதோடு பழைய கோப்புகளை அழித்துவிடுவார்கள், இடத்தை அடைக்கிறதாம்.

61 குப்பை என்று சொன்னாய். குப்பை ஒழுங்காக வராது, அண்ணா. 61க்குப் பின்னால் எப்போதும் இரண்டு எண்கள். முதலாவது கோப்புக்குக் கோப்பு ஏறிக்கொண்டே போகிறது, நாள் கணக்கு மாதிரி. இரண்டாவது 1லிருந்து 19க்குள்தான் வருகிறது. அறையில் அன்று நாம் பத்தொன்பது பேர் இருந்தோம். ஒரு கோட்டை யார், எந்த நாளில் வரைந்தார்கள் என்பது இது. எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், எந்த எண் யார் என்பதை மட்டும் சொல். தெரியாது என்று எழுதாதே.

2207ஐ நான் இன்னும் திறக்கவில்லை. எல்லா எண்ணுக்கும் பெயர் வைத்த பிறகுதான் திறப்பேன். ஒரே ஒரு எண் தெரியாமல் திறந்தாலும் எனக்கு வேண்டியதை நானே அதில் பார்த்துக்கொள்வேன்.

மகள் உயரம்தான். ஜாடை அவருடையது. காது மட்டும் உன்னுடையது, பாவம்.

தங்கை

*

பிப்ரவரி 8

தங்கச்சிக்கு,

இதைக் கொரியரில் அனுப்புகிறேன். கையில் கிடைத்தவுடன் முதலில் புரோகிராமைத் திருத்து, பிறகு மீதியைப் படி. 9ஐத் தாண்டிப் போகாதே. ஒரு கோட்டைக்கூட விடாதே.

ஒன்பதாம் பேனா என்று ஒன்று கிடையாது. திரைக்காக மட்டும் நான் வைத்தது. வரைகிறவர்கள் துணைக்கோடு போட்டுக்கொள்ள ஒரு நிறம் வேண்டும் என்று கேட்டார்கள், தாளில் வராத நிறம். பளிச்சென்று மஞ்சளில் வைத்தேன். தாளில் வரையும்போது கருவியின் கை இல்லாத ஒன்பதாவது துளைக்குப் போகும், வெறுங்கையோடு திரும்பி வரும், பேனா இல்லாமலே அந்தக் கோட்டை ஒழுங்காக வரைந்துவிட்டு வரும். எந்த எச்சரிக்கையும் வராது. வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு ஒரு தடவை வாயால் சொன்னேன், அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

2207இல் கேபிள் கோடு ஒன்பதாம் பேனாவில் இருக்கிறது. திரையில் பார்த்தால் இருக்கும். தாளில் இருந்திருக்காது. டிரைவர் சொன்னது உண்மை. மாப்பிள்ளை தாளைப் பார்த்துத்தான் தோண்டினார். அவர் கவனமாகத்தான் இருந்தார். இதை அன்றைக்கே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என் புரோகிராம், என் தப்பு, பயந்துவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நியாயம்தான்.

61 நீ நினைத்ததுதான். நாள் 1 என்பது நான் அங்கே வேலையில் சேர்ந்த நாள். தேதி உனக்கே தெரியும், அம்மா உப்புமாவைக் கருக விட்டாளே, அந்த நாள். இரண்டாவது எண் வரைந்த ஆள். முழுப் பட்டியல் எனக்கு நினைவில்லை. 2207இல் 14 என்று வரும். 14 கண்ணாடிக்காரர். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. நல்ல மனுஷன், அவரை இனித் தோண்டி எடுக்க வேண்டாம். பழி எல்லாம் என்மேல் போட்டு முடித்துவிடு.

அண்ணன்

*

பிப்ரவரி 19

அண்ணனுக்கு,

புரோகிராமை அன்றே திருத்திவிட்டேன். இப்போது 9 வந்தால் கறுப்பில், தடித்த கோடாக வரும்.

பிறகு 2207ஐத் திறந்தேன். கேபிள் கோடு, பேனா 9, நாள் 2316, ஆள் 14. அவர் இறந்தது உன் கணக்கில் 2320ஆம் நாள். நாலு நாள் முன்னாலேயே கோடு இருந்திருக்கிறது. யாரோ பிறகு சேர்த்தார்கள் என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், என் மகளிடமும் சொல்லி வளர்த்தேன். அது இல்லை. அவர் கவனமாக இருந்தார் என்பது மட்டும் நிற்கிறது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. நாளைக்குப் படலாம் என்று கோப்பை மூடிவைத்தேன்.

மறுநாள் ஒன்று உறுத்தியது. அந்த வாரம் கண்ணாடிக்காரர் லீவில் இருந்தார். கண் ஆபரேஷன். நாமெல்லாம் சேர்ந்து பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம், நீ அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நர்ஸிடம் திட்டு வாங்கினாய். மறந்து எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். எதற்கும் 14 வரைந்த எல்லாக் கோப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். அறுநூற்று நாற்பது. எல்லாம் தெருக்கள், குழாய்கள், வால்வுகள். அதில் ஒன்று மட்டும் தெரு இல்லை.

குழந்தைக் கட்டில். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று படம். பக்கத்துக்குப் பதினோரு கம்பி, இடைவெளி ஆறு சென்டிமீட்டர், தலை மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. ஓரத்தில் 21ஆம் கட்டளை, சின்ன எழுத்தில்: 'வரைந்தது அம்மா, செய்யப்போவது அப்பா.'

சாப்பாட்டு நேரத்தில் திருட்டுத்தனமாக வரைந்தேன் அதை. அவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்தார். மகள் இரண்டு வயது வரை அதில்தான் தூங்கினாள்.

14 நான்.

இப்போது எல்லாம் வரிசையாக வருகிறது. பிரசவ லீவுக்கு முந்தின கடைசி நாள். மின்சார அலுவலகத்திலிருந்து வந்த சீட்டுகள் மேசையில் முப்பத்தொன்று. இன்ன தெருவில் புதிதாகக் கேபிள் பதித்திருக்கிறோம், உங்கள் வரைபடத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று. மிச்சம் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்று உட்கார்ந்து முப்பத்தொன்றையும் ஏற்றினேன். எந்தெந்தத் தெரு என்று மனதில் வாங்கிக்கொள்ளக்கூட இல்லை. அந்த வாரம்தான் புதிதாக ஒரு மஞ்சள் நிறம் வந்திருந்தது. தோண்டுகிறவர்கள் கண்ணில் பளிச்சென்று படட்டும் என்று அதில் போட்டேன். நீ எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்ன நாளில் நான் டாக்டரிடம் போயிருந்தேன் போல.

நான் அழவில்லை. கட்டில் படத்தை மூடினேன். கை கழுவினேன். நாலரைக்கு டீ வந்தது, குடித்தேன், சூடாக இருந்ததா என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கினேன். ஒரு வாரமாக எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்கிறேன்.

உனக்கு எப்போது தெரியும்? கண்ணாடிக்காரர் மாதிரி இன்னொரு கதை சொல்லாதே.

தங்கை

*

பிப்ரவரி 27

வாலு,

இப்படிக் கூப்பிட இனி எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. வேறு எப்படியும் கூப்பிட வாய் வரவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் தெரியும். திரையில் மஞ்சள் கோட்டைப் பார்த்தவுடனே என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. யார் வரைந்தது என்று பார்த்தேன். 14. இரண்டு தடவை பார்த்தேன்.

மறுநாள் கூப்பிட்டு நிறுத்தி, கோடு இருக்கா என்று கேட்டார்கள். திரையில் இருக்கு, தாளில் வராது என்று சொல்லத்தான் எழுந்தேன். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, யார் போட்டது. உனக்குத் தையல்கூடப் பிரிக்கவில்லை. பச்சைக் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கிடக்கிறாய். உன் கையால்தான் உன் புருஷன் போனான் என்று யாராவது வந்து உன்னிடம் சொல்வார்கள், நல்லெண்ணத்தில் சொல்வார்கள். "இருக்கு" என்றேன், உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை செத்துப்போனவர், அவரைக் கவனக்குறைவு என்று சொன்னால் அவருக்கு வலிக்காது என்று நினைத்தேன். உனக்கு வலிக்கும் என்பதும் என் மருமகளுக்கு வலிக்கும் என்பதும் அந்த நிமிஷத்தில் உறைக்கவில்லை. அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டவர். அவர் பேரைக் கெடுத்துவிட்டு எட்டாம் நாள் காரியச் சாப்பாட்டில் உட்கார்ந்து எழுந்தேன்.

நீ என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னபோது, அப்பாடா என்றுகூட இருந்தது. நீ என்னை வெறுக்கிற வரைக்கும் அந்தக் கோப்பைத் திறக்க மாட்டாய் என்று நம்பினேன்.

நீ டாக்டரிடம் போய்விட்டு ஆபீஸுக்குத் திரும்பிய அன்று உன்னிடம் சாயங்காலம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சாயங்காலம் மாப்பிள்ளை வாசலில் வந்து நின்று, "மச்சான், இன்னிக்கி சீக்கிரம் கூட்டிட்டுப் போறேன், இவளுக்குக் கால் வீங்கிருக்கு" என்றார். சரி, நாளைக்கு என்றேன். மறுநாள் மறந்துவிட்டேன். இதுதான் நடந்தது. உன் பங்கை நீ எடுத்துக்கொள்வாய், உன்னைத் தடுக்க முடியாது. இந்த மறந்ததை மட்டும் என்னிடம் விட்டுவிடு.

ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள். 61ஐ மொழிபெயர்க்க வேண்டும் என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை. பெயர் வைக்காமல் விட்டால் பழைய கோப்புகளோடு அதுவும் அழிந்துவிடும். கோடுகள் வந்தால் போதும், யார் போட்டது என்று எந்த அணிக்கும் தேவை இல்லை. மருமகளுக்கும் தேவை இல்லை. உன் கையில்தான் இருக்கிறது.

அண்ணன்

*

மார்ச் 15

அண்ணா,

வேலை முடிந்துவிட்டது. நேற்று ஒப்படைத்தேன்.

9இல் வரைந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நூற்று எண்பத்தொன்று துணைக்கோடுகள், நீ சொல்லிக் கேட்டவர்கள் போட்டது, தாளில் வராவிட்டால் ஒன்றுமில்லை. மீதி முப்பத்தொன்றும் நான் போட்டது, எல்லாம் கேபிள். அதில் ஒன்று எதுவென்று நமக்குத் தெரிந்துவிட்டது. மீதி முப்பது இன்னும் தரைக்குள் இருக்கின்றன, இத்தனை வருடம் யாரும் அந்த இடத்தில் தோண்டவில்லை, அவ்வளவுதான். அதில் ஒரு தெருவில் போன செவ்வாய்க்கிழமை தோண்டுவதாக இருந்தது. நிறுத்தச் சொன்னேன். அணியின் மேஸ்திரி வந்து, "பழைய தாள்ல ஒண்ணுமே காட்டலயே மேடம்" என்றார். "காட்டாது" என்றேன். எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டு, கருவி வைத்துத் தேடினார்கள். சொன்ன இடத்தில் இருந்தது.

மாறிலிப் பட்டியலை முழுதாக எழுதினேன். நீ வைத்திருந்தது மாதிரியே ஒரே பக்கம். பேனா 9க்கு நான் வைத்த பெயர் 'திரையில் மட்டும்'. 61க்கு 'வரைந்தவர், நாள்'. 14க்கு எதிரே என் பெயரை எழுதினேன், அப்பாவின் முதலெழுத்தோடு, முழுதாக. நீ சொன்னதை யோசிக்காமல் இல்லை. ஒரு நாள் முழுக்க அந்த வரியைக் காலியாக வைத்திருந்தேன். பட்டியலில் ஒரு வரி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

பிரிவின் தலைவரிடம், அந்தப் பழைய அறிக்கையைத் திருத்தக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். சின்ன வயசுக்காரர். படித்துவிட்டு, "அவர் மேல தப்பில்லன்னு எழுதினாப் போதுமே மேடம், உங்க பேரை எதுக்கு உள்ள இழுக்கறீங்க?" என்றார். "உள்ளதான் இருக்கு" என்றேன். உன் பெயரையும் எழுதியிருக்கிறேன், எச்சரிக்கை இல்லாமல் நிறம் வைத்தவர் என்று. 'இருக்கு' என்று சொன்னதையும், ஏன் சொன்னாய் என்பதையும். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் போய்ச் சொல். இந்தத் தடவை மீதியையும் சொல்.

மகளிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்போ அப்பா பாத்துட்டுத்தான் தோண்டினாரா?"

"ஆமா."

"தாள்ல இல்ல."

"இல்ல."

"யார் போட்டது?"

"நான்."

மடித்த துணியைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். அவளுடையதை அவள் தட்டில், என்னுடையதை என் தட்டில். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தவள், "அந்தக் கட்டில் படம் இருக்குல்ல? எனக்கு ஒண்ணு அடிச்சுத் தா" என்றாள். மறுநாள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. என்மேலும் இல்லை. எல்லோரும் எப்போது என்னிடம் வந்து அழச் சொல்வார்கள் என்று காத்திருக்கிற மாதிரி இருக்கிறது, யாரும் வரவில்லை. இது எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. நீதான் இருபத்திரண்டு வருடம் முன்னாலேயே இந்த வழியில் போனவன்.

கட்டில் படத்தை அச்சடித்தபோது 2207ஐயும் ஒரு பிரதி எடுத்தேன். அவர் தாளை எட்டாக மடித்துத்தான் சட்டைப் பையில் வைப்பார், உனக்கு நினைவிருக்கும். முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே இரண்டு தடவை. அதே மாதிரி மடித்தேன். கொஞ்ச நேரம் மேசைமேல் வைத்திருந்தேன். பிறகு, குழிக்குள் நின்று பார்க்கிறவர் பிரிப்பது போலப் பிரித்து, அந்தத் தெருவில் விரலை வைத்துப் பார்த்தேன்.

கோடு இருக்கு, அண்ணா.

தங்கை